ஒரு பென்னிக் கடதாசிகள்

மூதூரில் நாலு வருடம் படிப்பித்தவன் நான். ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று பேர் பெற்ற இடத்தையும் அதன் நினைவுக்கல்லையும் பற்றிப் பிள்ளைகள்தான் எனக்கு முதலில் சொன்னார்கள். கொட்டியாரக் குடாவில் புயலில் அடிபட்ட கப்பலைத் திருத்த வந்து, 1660 ஆம் ஆண்டு கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட றொபட் நொக்ஸின் கதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்குப் புதிதல்ல. பத்தொன்பது வயதில் பிடிபட்டு, பத்தொன்பது வருடத்துக்கு மேல் உள்நாட்டில் கிடந்து, 1679 இல் அரிப்புக் கோட்டை வழியாகத் தப்பிப் போனவர். 1681 இல் அவருடைய புத்தகம் லண்டனில் அச்சாகியது. அதில் கறுவா, யானை, இராசசிங்கன் பற்றிய பகுதிகளைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு அதில் பிடிபட்டது ஒரு சின்னச் சங்கதி.

நொக்ஸும் அவருடைய தகப்பனும் பண்டார கொஸ்வத்தையில் தடுத்து வைக்கப்பட்டிருந்தபோது அவர்களிடம் இரண்டே இரண்டு புத்தகங்கள் இருந்தன. அதில் ஒன்று ‘பக்தி அப்பியாசம்’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு சமயக் கைநூல். லூயிஸ் பெய்லி என்ற பாதிரியார் எழுதியது. தகப்பன் 1661 இல் காய்ச்சலில் மௌத்தானார். தனித்துப்போன மகன் அந்த இரண்டையும் திருப்பித் திருப்பி வாசித்து ஏறக்குறைய மனப்பாடமாக்கிவிட்டார். பிறகு ஒரு நாள் ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு கிழவர் கொழும்பு போர்த்துக்கேயரிடமிருந்து விழுந்த காலத்தில் கைக்கு வந்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார். பார்த்தால் ஆங்கில பைபிள். கையிலிருந்த காசு முழுவதையும் கொடுக்கத் தயாராக இருந்த நொக்ஸுக்கு, கடைசியில் அது ஒரு பின்னல் தொப்பியின் விலைக்குக் கிடைத்தது.

‘பக்தி அப்பியாசம்’ பெரிய இடத்துப் புத்தகம் அல்ல. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பல பத்துப் பதிப்புகள் கண்டு, சாமான்ய வீடுகளில் புரண்ட புத்தகம். அதே புத்தகம் ஜோன் பனியனின் வீட்டிலும் இருந்தது. பானை சட்டி ஒட்டுப்போடும் தொழில் செய்த பனியனுக்குக் கலியாணம் முடிந்தபோது வீட்டில் ஒரு தட்டோ கரண்டியோ கூட உருப்படியாக இருக்கவில்லையாம். மனைவி தன் தகப்பன் விட்டுப்போனதாகக் கொண்டுவந்தது இரண்டு புத்தகங்கள். ஒன்று ஆர்தர் டென்ட் எழுதிய சமய உரையாடல் நூல், மற்றது இதே பெய்லியின் நூல். பெட்போர்ட் பக்கத்தில் ஓர் ஏழைக் குடிசையிலும், குருநாகல் பக்கத்தில் ஒரு கைதியின் மடியிலும் ஒரே புத்தகம்! அந்த நாட்டு மக்கள் என்னென்ன வாசித்தார்கள் என்று தேடத் தொடங்கியது இந்த இடத்திலிருந்துதான்.

நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன். இலக்கிய வரலாறு என்றால் எங்களுக்குப் பெரிய பெயர்களின் வரிசை. ஆங்கில இலக்கியமும் அப்படித்தான் காதில் விழுந்தது: சேக்ஸ்பியர், மில்டன், அப்புறம் மற்றவர்கள். ஆனால் சேக்ஸ்பியர் காலத்து லண்டன் தெருவில் ஒருவன் கையில் ஒரு பென்னி இருந்தால் அதற்கு என்ன வாங்கலாம் என்று எந்த வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒரு பென்னிக்கு ஒரு பாட்டு வாங்கலாம். அதுதான் முதல் பதில். வில்லியம் கெக்ஸ்டன் 1476 இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சு இயந்திரத்தை வைத்தார். நூறு வருடம் கழியுமுன் ஒற்றைத்தாள் பாட்டு ஒரு பெரும் வியாபாரமாகிவிட்டது. ஒரு பெரிய தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் பாட்டு. மேலே நீண்ட தலைப்பு, அதன் கீழே இன்ன மெட்டில் பாடவும் என்று ஒரு வரி, ஒன்றிரண்டு மரச்செதுக்குப் படங்கள். இசைக் குறிப்பு தேவைப்படவில்லை. மெட்டு எல்லாருக்கும் தெரிந்த மெட்டு. படத்துக்கும் பாட்டுக்கும் பல இடத்தில் சம்பந்தமே இராது. ஒரே சீமாட்டி ஒரு தாளில் காதலி, இன்னொன்றில் கொலைகாரி, வேறொன்றில் மகாராணி. கட்டையைச் செதுக்கச் செலவாகும். இருக்கிற கட்டை தேயும் வரைக்கும் அடித்தார்கள்.

எவ்வளவு அடித்தார்கள் என்பதற்கு டெஸ்ஸா வொட் என்ற ஆய்வாளர் ஒரு கணிப்புத் தருகிறார். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மட்டும் குறைந்தது 6 இலட்சம் பிரதிகள், கூடினால் 30, 40 இலட்சம் வரை போகலாம் என்கிறார். நாட்டின் சனத்தொகையே 40 இலட்சம் அளவில் இருந்த காலம் அது. இந்தத் தாள்கள் மதுக்கடைச் சுவரிலும், நெசவாளர் குடிசையிலும் ஒட்டப்பட்டன. விற்பவர் சும்மா நீட்டி விற்கவில்லை, சந்தியில் நின்று பாடித்தான் விற்றார். பாட்டில் மயங்கிய கூட்டத்துக்குள் ஜேப்படிக்காரர்கள் புகுந்து வேலை பார்த்ததும் நடந்தது. சேக்ஸ்பியரின் ‘குளிர்காலக் கதை’ நாடகத்தில் வரும் ஒட்டோலிக்கஸ் இந்த இரண்டு தொழிலையும் தனி ஆளாகச் செய்பவன். ஒரு வட்டிக்காரன் பெண்சாதி காசுப்பைகளைப் பெற்றெடுத்தாள் என்று ஒரு பாட்டை அவன் நீட்ட, கேட்கும் பெண் அது உண்மையா என்று கேட்கிறாள். அச்சில் இருந்தால் உண்மைதானே என்று நம்பும் சனத்தைப் பார்த்துச் சேக்ஸ்பியர் சிரிக்கிறார். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டு ரசித்தவர்களிலும் பாதிப்பேர் வீட்டில் அந்தத் தாள் ஒட்டியிருந்திருக்கும்.

யார் வாசித்தார்கள்? இது முக்கியமான கேள்வி. 1640களில் ஆண்களில் பத்துப் பேரில் மூன்று பேருக்குத்தான் தங்கள் பெயரைக் கையெழுத்தாகப் போட முடிந்தது. பெண்களில் பத்துக்கு ஒருவர். இதை வைத்து எழுத்தறிவே இல்லாத சனம் என்று முடிவு கட்டிவிடுவது லேசு. ஆனால் அந்தக் காலப் பள்ளியில் முதலில் வாசிக்கப் பழக்குவார்கள், எழுதப் பழக்குவது அதற்கும் ஒன்றிரண்டு வருடம் பிந்தி. ஆறேழு வயதில் வாசிக்கப் பழகிய ஏழைப் பிள்ளை, எழுதப் பழகும் வயது வரும்போது வயலுக்கோ கூலிக்கோ போய்விடும். ஆகவே கையெழுத்துப் போடத் தெரியாமல் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அதிலும் பெண்கள் கூடுதலாக. மார்கரெட் ஸ்பஃபோர்ட் இதை அழகாக நிறுவியிருக்கிறார். இந்தத் தாள்களை அச்சிட்டவர்களும் இதை அறிந்தவர்கள்தான். படித்தவர்களின் நூல்கள் ரோமன் எழுத்துக்கு மாறிய பிறகும் பாட்டுத் தாளையும் சிறுபுத்தகத்தையும் பழைய தடித்த கருப்பெழுத்திலேயே விட்டு வைத்தார்கள். பிள்ளைகள் அகரவரிசை பழகியது அந்த எழுத்தில். ஒரு எழுத்து வடிவத்தில் மட்டும் ஓதிப் பழகி, கையால் ஒரு வரி எழுதாமலே வாழ்ந்து முடித்த பெண்களை நம்மில் பலருக்குத் தெரியும். எனக்கு இது விளங்க ஆய்வு நூல் தேவைப்படவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் பாட்டுத் தாளோடு சிறுபுத்தகமும் சேர்ந்துகொண்டது. அதன் சூத்திரம் எளிது. ஒரே ஒரு தாளை இரு பக்கமும் அச்சடித்து மடித்தால் 16 அல்லது 24 பக்கம். விலை ஒரு பென்னி, கொஞ்சம் பெரிதென்றால் இரண்டு, மூன்று. கூலிக்காரனின் நாட்சம்பளம் எட்டுக்கும் பன்னிரண்டு பென்னிக்கும் இடையில் இருந்த காலம். வாங்க முடியாத விலையல்ல, யோசிக்காமல் வாங்கும் விலையுமல்ல. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால், இல்லாதது எது என்று திருப்பிக் கேட்கலாம். வார்விக் நகரத்துக் கை என்ற மாவீரன் கதை, கட்டைவிரல் உயரத் தொம் தம்பின் கதை, ரொபின் ஹூட் பாட்டுகள், நகைச்சுவைத் துணுக்குகள், காதல் கடிதம் எழுதும் முறை, கனவுக்குப் பலன், சமையல், கைரேகை. மறுபக்கத்தில் மரண பயம் காட்டும் பக்திப் புத்தகங்கள்: முகப்பில் எலும்புக்கூடு ஒன்று அம்போடு நிற்கும், பாவியே விழித்துக்கொள் என்று உள்ளே உபதேசம். இரண்டு வகையையும் ஒரே கடைக்காரன்தான் விற்றான். லண்டன் பாலத்தின் மேல் கடை வைத்திருந்த சார்ள்ஸ் டயஸ் 1664 இல் இறந்தபோது அவருடைய சரக்கைக் கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய 90,000 சிறுபுத்தகங்கள்! ஒரு ஆளின் கடையில்.

கடையிலிருந்து கிராமத்துக்கு இவற்றைச் சுமந்தவர்கள் பொட்டணி வியாபாரிகள். ஊசி, நூல், றிபன், கண்ணாடி, கைக்குட்டை, அவற்றோடு பாட்டுத் தாளும் புத்தகமும். 1690களின் கடைசியில் இவர்கள் உரிமம் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது சுமார் 2,500 பேர் பதிந்தார்கள். பதியாதவர்கள் எத்தனை பேரோ. பிற்காலத்தில் பெரிய சமயப் போதகராக விளங்கிய ரிச்சட் பெக்ஸ்டர் தன் இளமையை எழுதும்போது, ஒரு ஏழை வியாபாரி வாசலுக்கு வந்ததையும், பொட்டணியில் பாட்டுத் தாள்களோடு சில நல்ல புத்தகங்களும் இருந்ததையும், தகப்பன் அதில் ஒன்றை வாங்கியதையும், அது தன் மனசைத் திருப்பியதையும் சொல்கிறார். பனியனோ தலைகீழ். வேதம் எனக்கு என்னத்துக்கு, ஒரு பாட்டுத் தாளைத் தா, செய்தித்தாளைத் தா, குதிரைமேல் ஜோர்ஜைத் தா என்று கிடந்தவன் நான் என்று தன் பழைய குணத்தைத் தானே ஏசி எழுதியிருக்கிறார். ஏசினாலும் என்ன, அவருடைய ‘மோட்சப் பயணம்’ நூலில் வரும் இராட்சதனும் சண்டையும் அந்த ஒரு பென்னிப் புத்தகங்களில் இருந்து வந்தவைதான் என்பது வாசித்தவர்களுக்குத் தெரியும். நம்முடைய நொக்ஸும் தோழர் ஒருவரோடு தப்பிப் போகும்போது பூண்டது இதே வேடம். சரக்குக் கட்டிய பொட்டணியோடு ஊர் ஊராக வியாபாரம் செய்வது போல வடக்கே நடந்து நடந்துதான் இருவரும் அநுராதபுரம் வந்து சேர்ந்தார்கள்.

பஞ்சாங்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. விற்பனையில் அதற்கு ஈடு வேறொன்றில்லை. 1660களில் வருடத்துக்கு 4 இலட்சம் பிரதிகள் விற்றன, மூன்று குடும்பத்துக்கு ஒன்று வீதம் என்று பேர்னாட் காப் கணக்கிடுகிறார். சந்தை நாட்கள், பிறை, கடல் வற்றுப் பெருக்கு, எப்போது இரத்தம் குத்தி எடுக்கலாம், வரப்போகும் வருடத்துக்கு அரசியல் ஆரூடம். உள்நாட்டு யுத்தக் காலத்தில் வில்லியம் லிலி என்ற சோதிடரின் ஆரூடத்தைப் பாராளுமன்றப் படை ஆயுதம் போலப் பாவித்தது. இதன் ஏகபோக உரிமையை 1603 இல் அரசனிடமிருந்து பெற்றுக்கொண்டது ஸ்டேஷனர்ஸ் கம்பனி எனப்பட்ட அச்சு வணிகர் சங்கம். மதிப்பான நூல்களில் நட்டப்பட்டவர்கள் பஞ்சாங்கத்தில் வயிறு வளர்த்தார்கள். நம் பதிப்பாளர்கள் பரீட்சை வழிகாட்டிப் புத்தகம் போட்டுக் கவிதைத் தொகுதிக்குச் செலவழிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொலைக் கதை, சூனியக்காரி விசாரணை, இரட்டைத் தலைக் கன்று, தூக்குமேடையில் குற்றவாளியின் கடைசிப் பேச்சு ஆகியவற்றை விரித்தால் தாள் போதாது. ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன், ஏனென்றால் அதில் நாமும் வருகிறோம்.

ஜோன் வார்ட் என்ற ஆங்கிலேய மாலுமி கடற்கொள்ளையனாகித் தூனிஸில் தளம் அமைத்தான். பிறகு இஸ்லாத்தைத் தழுவி யூசுப் றைஸ் என்று பேர் எடுத்தான். 1609 இல் இவனைப் பற்றித் துண்டு நூலும் பாட்டுத் தாள்களும் லண்டனில் வெளிவந்தன. இளவரசனுக்குத் தகுந்த மாளிகையைப் பார்பரிக் கரையில் இவன் கட்டுகிறான், அதுவே இவனுக்கு இழிவாக முடியும் என்பது பாட்டின் போக்கு. 1612 இல் றொபட் டபோர்ன் எழுதிய நாடகம் அச்சாகியது. அதில் வார்ட் மதம் மாறியதற்காக மனமுடைந்து தன்னைத்தானே குத்திக்கொண்டு சாகிறான். நிஜமான வார்ட் அப்போது தூனிஸில் உயிரோடு இருந்தார். ஸ்கொட்லாந்துப் பயணி வில்லியம் லித்கோ சில வருடம் கழித்து அவரோடு விருந்துண்டு, செயற்கைச் சூட்டில் கோழிக்குஞ்சு பொரிக்க வைக்கும் அவருடைய கூடத்தையும் பார்த்து எழுதினார். 1622 இல் கொள்ளைநோய் வந்து அங்கேயேதான் வார்ட் மௌத்தானார். மேடை அவரைப் பத்து வருடம் முந்திக் கொன்றுவிட்டது.

இதை வாசித்து நாம் கோபப்படலாம். ‘துருக்கனாதல்’ என்ற சொல்லுக்கு அந்த மக்கள் மனதில் நம்பிக்கைத் துரோகம் என்ற அர்த்தத்தை ஊன்றியதில் இந்த மலிவுத் தாள்களுக்கும் மேடைக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் கோபத்தோடு நிறுத்தினால் பாதிதான் கிடைக்கும். அதே வார்டைப் பற்றிப் பின்னால் வந்த இன்னொரு பாட்டில், அரசனின் ‘வானவில்’ என்ற போர்க்கப்பலே அவரிடம் தோற்றுத் திரும்புகிறது. அரசன் தரையில் ஆளட்டும், கடலில் நான் ஆள்கிறேன் என்ற தோரணை. இந்தப் பாட்டைத்தான் சனம் விடாமல் பிடித்துக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் கிராமத்துப் பாடகர் வாயில் அது இருந்தது. தண்டிக்கச் சொன்ன பாட்டு காகிதத்தோடு நின்றது, வியந்த பாட்டு வாய்க்கு ஏறியது. மக்கள் தங்களுக்கு விற்கப்பட்டதையெல்லாம் அப்படியே விழுங்கவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இன்னொரு தாள் சிரிப்பூட்டுவது. இஸ்மிரிலிருந்து ஒரு வணிகரின் வேலையாளாக வந்த பஸ்குவா றோசே என்பவர் 1652 அளவில் லண்டனின் முதல் கோப்பிக் கடையைத் திறந்து அதற்கு ஒரு நோட்டீசும் அடித்தார். அரேபியப் பாலைவனத்தில் விளைவது, துருக்கிச் சுல்தானின் நாடெங்கும் குடிப்பது, தலையிடிக்கு நல்லது, கண்நோவுக்கு நல்லது, ஊதைக்கும் நீர்க்கோவைக்கும் நல்லது, தூக்கத்தை விரட்டும். அந்த நோட்டீசின் பிரதி பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. பின்னால் கோப்பி குடிப்பவன் துருக்கனாவான் என்று கேலிப் பாட்டுத் தாள்களும் வந்தன. கேலியைப் படித்துக்கொண்டே கோப்பியையும் குடித்தார்கள்.

அந்த நோட்டீஸ் எப்படி மிஞ்சியது என்பதுதான் என்னை இரவில் தூங்கவிடாத கேள்வி. இந்தத் தாள்களின் இயல்பான முடிவு வேறு. பை சுடும் தட்டுக்கு அடியில் விரித்தார்கள், புகையிலை சுற்றினார்கள், மலசலகூடத்துக்கும் கொண்டுபோனார்கள். ஒக்ஸ்போர்ட் நூலகத்தை எழுப்பிய தோமஸ் பொட்லி, 1610 இல் ஸ்டேஷனர்ஸ் கம்பனியோடு ஒப்பந்தம் செய்து அச்சாகும் நூல்களில் ஒவ்வொரு பிரதி பெற வழி செய்த பெரிய மனிதர். அவரே பஞ்சாங்கம், நாடகம் போன்ற குப்பைகளை உள்ளே விடாதே என்று தன் நூலகருக்கு எழுதினார். சேக்ஸ்பியர் உயிரோடு நாடகம் எழுதிக்கொண்டிருந்த காலம். பொட்லியின் கண்ணுக்கு அதுவும் குப்பை.

மிஞ்சியவை சில பைத்தியக்காரர்களால் மிஞ்சின. ஜோர்ஜ் தோமசன் என்ற புத்தகக் கடைக்காரர் 1640 இல் தொடங்கி இருபது வருடம், யுத்தம் நடக்கும்போதும், தெருவில் வந்த துண்டு நூல் ஒவ்வொன்றையும் வாங்கி, பலவற்றில் அது கைக்கு வந்த திகதியையும் எழுதி வைத்தார். 22,000 அளவில் சேர்ந்தன. அதில் ஒரு தொகுதியை சார்ள்ஸ் மன்னர் வாசிக்க இரவல் வாங்கிப்போய், வழியில் சேற்றில் விழுத்திவிட்டார். தோமசன் அந்தச் சேற்றுக் கறையைப் பற்றிப் பெருமையாகக் குறிப்பு எழுதியிருக்கிறார்! மற்றவர் சாமுவேல் பீப்ஸ், கடற்படை நிருவாகி. ஜோன் செல்டன் தொடங்கிய சேகரிப்பின்மேல் 1,800க்கும் கூடிய பாட்டுத் தாள்களை ஐந்து தொகுதிகளாக்கினார். சிறுபுத்தகங்களை ‘ஒரு பென்னிக் குதூகலங்கள்’, ‘ஒரு பென்னிப் பக்திகள்’ என்று பிரித்து, பெரிய நூல்களுக்குக் கட்டும் அதே மட்டை போட்டுக் கட்டினார். ஒன்றும் கலையக்கூடாது, கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்ற நிபந்தனையோடு அவை கேம்பிரிட்ஜில் மக்தலீன் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றும் அங்கே இருக்கின்றன. நான் மேலே எழுதியதில் பெரும்பகுதி இப்படி இரண்டு மூன்று பேரின் பிடிவாதத்தால் நமக்குத் தெரியவந்தது.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லவேண்டும். பட்டம் முடித்து ஊருக்கு வந்த வருடம், உம்மம்மா மௌத்தான பிறகு, வீட்டைத் துப்புரவு செய்தோம். அவவின் தகரப் பெட்டிக்குள் கிஸ்ஸாக்கள், மாலைகள், முனாஜாத்துகள், ‘நூறு மசலா’, ‘பெண்புத்தி மாலை’ என்று நாற்பது ஐம்பது மெல்லிய புத்தகங்கள் கிடந்தன. பாதி அட்டையில்லாதவை. சில அறபுத்தமிழ். உம்மா என்னிடம்தான் கேட்டா, நீதானே தமிழ் படிச்சவன், இதில வைக்க வேண்டியது எது மகன் என்று. நான் புரட்டிப் பார்த்து, ஒண்டுமில்ல உம்மா, எல்லாம் எழுத்துப்பிழை என்றேன். சந்திக் கடையில் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்தோம். பொட்லியாவது பத்து நூற்றுக்கணக்கான நல்ல நூல்களைக் காப்பாற்றிவிட்டுத்தான் மற்றதை மறுத்தார்.

ஒன்று மட்டும் தப்பியது, முசல்லாவின் மடிப்புக்குள் கிடந்ததால். முதல் ஆறு பக்கமும் கடைசிப் பக்கங்களும் இல்லை. ஆகவே பேரும் தெரியாது, யார் பாடியது, எந்த அச்சகம், எந்த வருடம் என்றும் தெரியாது. போன றமழானில் அதை எடுத்து நான் வாசிக்கத் தொடங்க, எழுபத்தெட்டு வயது உம்மா கண்ணை மூடிக்கொண்டு என்னை முந்திக்கொண்டு போனா. புத்தகம் முடிந்த இடத்தில் நான் நிறுத்தினேன். அவ நிறுத்தவில்லை. இன்னும் பதினேழு கண்ணி பாடினா. பிள்ளைகளின் கொப்பி ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டேன். தொடக்கத்தில் விடுபட்டதைக் கேட்டால், அது உம்மம்மாதான் பாடுவா, நான் இடையிலிருந்துதான் சேர்ந்துகொள்ளுறது என்கிறா.